லீவுக்கு முன்னால் ஒரு பரீட்சை

எங்கள் ஊரில் வருஷத்தை லீவால் எண்ணுவோம். ஏர்வாடிக்கும் ராமநாதபுரத்துக்கும் நடுவில் இருக்கிற கடற்கரை ஊர். வீட்டுக்கு ஒரு ஆளாவது வளைகுடாவில் இருப்பார். "மவளுக்குக் காது குத்து எப்ப?" என்று கேட்டால் தேதி வராது, "அவுக லீவுக்கு வரட்டும்" என்றுதான் பதில் வரும். கிணறு தூர்வாருவது, மாடியில் ரூம் எடுப்பது, சொந்தக்காரர்கள் சண்டையைத் தீர்த்துவைப்பது எல்லாமே லீவுக்குத்தான். நானே ஒரு லீவில் நிச்சயமாகி அடுத்த லீவில் நிக்காஹ் ஆனவள். எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார், வீடும் பெண் பேரில்தான் இருக்கும். அதனால் கல்யாணத்துக்குப் பிறகும் உம்மாவோடு அதே வீட்டில்தான் இருந்தேன். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, இரண்டு மாதம் மட்டும், வீட்டில் அத்தர் வாசம் அடிக்கும்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்காமல் இருக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் மீனின் இதயத்துக்கு இரண்டே அறைதான் என்று படித்த அன்றே வீட்டுக்கு வந்து, உம்மா ஆய வைத்திருந்த விளமீனில் அதைத் தேடினேன். செவுளுக்குப் பின்னால் மொச்சைக் கொட்டை அளவில் இருந்தது. அரிவாள்மனையில் அதைக் குறுக்காக வெட்டி, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தபோது உம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நீ மீனை ஆயுறியா, பிரேதப் பரிசோதனை பண்றியா?" என்று அவள் கேட்டதும் எனக்கு அந்த வேலை மேல் இன்னும் ஆசை வந்துவிட்டது.

டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்பதைப் பன்னிரண்டாவது படிக்கும்போது சொன்னேன். அப்போது வாப்பா சவூதியில் இருந்தார். "வாப்பா லீவுக்கு வரட்டும், பேசிக்கலாம்" என்றாள் உம்மா. வாப்பா மே மாதம் வந்தார். விண்ணப்பம் மார்ச்சிலேயே முடிந்திருந்தது. அந்த லீவில் பேசி முடித்தது என் நிச்சயத்தை. வாப்பா மேல் எனக்குக் கோபம் கிடையாது, பாவம், அவருக்குத் தேதி தெரியாது. கோபமெல்லாம் என் மேல்தான். மீனின் இதயத்தைத் தேடத் தெரிந்தவளுக்கு ஒரு விண்ணப்பத்தின் கடைசித் தேதியைத் தேடத் தெரியவில்லை.

அதன்பிறகு விலங்கியலில் ஒரு டிகிரி முடித்தேன், மகள் பிறந்தாள், வாப்பா மௌத்தானார். சாயங்காலத்தில் வீட்டிலேயே நாலைந்து பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுத்தேன். மருத்துவப் பரீட்சைக்கு இருபத்தைந்து வயது வரைதான் என்று என்றைக்கோ கேட்டது மனதில் நின்றுபோனதால், இருபத்தைந்து முடிந்த அன்று, சரி, அந்தக் கதை முடிந்தது என்று ஒரு தேங்காய்ப்பால் கஞ்சி வைத்துக் குடித்தேன். இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். துக்கத்துக்குக் கஞ்சிதான் என் மருந்து.

டிசம்பரில் இரண்டு செய்திகள் ஒரே வாரத்தில் வந்தன. முதலாவது என் வீட்டுக்காரரிடமிருந்து. அவர் துபாயில் ஒரு பெரிய கடையின் குளிர்கிடங்கில் வேலை பார்த்தார். அந்த மாதம் சூப்பர்வைசர் ஆக்கியிருந்தார்கள். "குடும்ப விசாவுக்குக் கேட்டிருக்கேன். ஜூலைல லீவுக்கு வாரேன், திரும்பிப் போறப்ப மூணு பேராப் போவோம்" என்றார். போனில் அவர் முகம் அவ்வளவு மலர்ந்து நான் பார்த்ததில்லை. எனக்கும் சந்தோஷம்தான். பொய் சொல்லவில்லை. ஆறு வருஷத்தில் ஆறேழு மாதம் சேர்ந்திருந்த புருஷனோடு, காலையில் யார் முதலில் பல் தேய்ப்பது என்று சண்டை போட வேண்டும் என்ற ஆசை எனக்கு நிறையவே இருந்தது.

இரண்டாவது செய்தி டியூஷனில் வந்தது. ஒரு பிள்ளை அந்த நுழைவுத் தேர்வின் தகவல் குறிப்பைக் கொண்டுவந்து, "இதுல என்னன்ன கேக்குறாகன்னு பாத்துச் சொல்லுங்க லாத்தா" என்று நீட்டினாள். வயது என்ற இடத்தில் பதினேழு ஆகியிருக்க வேண்டும் என்று இருந்தது. எத்தனை வயது வரை என்று தேடினேன். அடுத்த வரியைப் படித்தேன், மறுபடி மேலிருந்து படித்தேன். உச்ச வயது வரம்பு இல்லை. எப்போது எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள், எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை என்று வரிசையாகக் கேள்விகள். அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லி அனுப்பினேன் என்று இன்றுவரை ஞாபகமில்லை.

இனி கேள்வி எழுதலாமா என்பது அல்ல, எப்போது என்பதுதான். இந்த மே மாதம் என்றால் கையில் நாலரை மாதம். இயற்பியலைத் தொட்டு எட்டு வருஷம் ஆகியிருந்தது. அடுத்த மே என்றால் நிதானமாகப் படிக்கலாம், ஆனால் அடுத்த மேயில் நான் துபாயில் இருப்பேன். அங்கேயே தேர்வு மையம் இருக்கிறதாம், விசாரித்துவிட்டேன். எழுதலாம். எழுதி, இடமும் கிடைத்தால்? புருஷனையும் பிள்ளையையும் அங்கே விட்டுவிட்டு ஐந்தரை வருஷம் படிக்க நான் மட்டும் இங்கே வருவேனா? எங்கள் தெருவிலிருந்து குடும்பத்தோடு போனவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். கல்யாணத்துக்கு வந்தார்கள், மௌத்து வீட்டுக்கு வந்தார்கள். படிக்க ஒருத்தியும் வரவில்லை. லீவுக்கு முன்னால் எழுதினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கணக்கு அவ்வளவுதான்.

அவரிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தேன். சொன்னால் வேண்டாம் என்பார் என்று பயமா? அதுகூட இல்லை. "லீவுக்கு வாரேன், பேசிக்கலாம்" என்பார் என்று பயம். அந்த வாக்கியத்தை ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறேன். என்னால் முடிகிறதா என்று முதலில் நான் தெரிந்துகொள்கிறேன், முடிந்தால் சொல்லலாம், முடியாவிட்டால் சொல்ல என்ன இருக்கிறது.

உம்மாவிடம் மட்டும் சொன்னேன். "மாப்பிள்ளைட்ட சொல்லாமயா?" என்று முகத்தைச் சுளித்தாள். அப்புறம் கொஞ்ச நேரம் வெங்காயம் உரித்தாள். "புள்ளைய நான் பாத்துக்கிறேன், நீ படி" என்றாள். இவ்வளவு சீக்கிரம் எப்படிச் சம்மதித்தாள் என்று எனக்கு ஆச்சரியம். நாங்கள் துபாய் போய்விட்டால் உம்மா தனியாகத்தான் இருக்க வேண்டும். வியாதிக்காரி சும்மா இருப்பேனா, கேட்டே விட்டேன். "உம்மா, நான் டாக்டராகணும்னு சரிங்கிறீங்களா, துபாய் போகக் கூடாதுன்னு சரிங்கிறீங்களா?"

"ரெண்டுக்குந்தான்" என்றாள் உம்மா, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

பிப்ரவரியில் விண்ணப்பம் திறந்தது. வெள்ளைப் பின்னணியில் போட்டோ வேண்டுமாம். வாப்பாவின் பழைய வெள்ளை வேட்டியைச் சுவரில் கட்டி, உம்மா கையில் போனைக் கொடுத்து எடுக்கச் சொன்னேன். பதினோரு போட்டோவில் உம்மாவின் விரல் பாதி முகத்தை மறைத்தது. கையெழுத்தை வெள்ளைத் தாளில் போட்டு அதையும் போட்டோ எடுக்க வேண்டும். பிறகு இரண்டு கையிலும் பத்து விரல் ரேகை. மை தடவி ஒவ்வொரு விரலாக ஒற்றியபோது உம்மா பயந்தேவிட்டாள். "பத்திர ஆபீஸ்ல கூட இத்தனை விரல் கேக்க மாட்டாக. எதுக்கும்மா இதெல்லாம்?" எனக்கோ அது வேடிக்கையாக இருந்தது. ஒரே கையில் ஐந்து விரலுக்கும் ஐந்து விதமான சுழி. அரை மணி நேரம் விண்ணப்பத்தை மறந்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் செய்த தவறு இங்கேதான். இதை எங்கள் ஊர்க்காரி மட்டும்தான் செய்வாள். மெயில் முகவரி கேட்ட இடத்தில், என் போனில் இருந்த மெயிலைக் கொடுத்தேன். அந்த மெயிலை ஆரம்பித்துக் கொடுத்தது அவர். கடைசி லீவு முடிந்து போகும்போது, "புள்ள போட்டோ நீ எடுத்தா எனக்குத் தானா வந்துரணும்" என்று அவர் போனிலும் என் போனிலும் ஒரே மெயிலைப் போட்டுவிட்டுப் போயிருந்தார். எங்கள் தெருவில் பாதி வீட்டில் அப்படித்தான். பிள்ளை போட்டோ போகிறது என்று எனக்குத் தெரியும். கூடவே மற்றதெல்லாமும் போகும் என்பது புத்தியில் உறைக்கவே இல்லை.

மார்ச் மாதம் நோன்பு. விடியுமுன் ஸஹர் சாப்பிட்டு, தொழுதுவிட்டுப் படிக்க உட்கார்ந்தால் பத்து மணி வரை யாரும் கூப்பிட மாட்டார்கள். வயிறு காலியாக இருந்தால் இயற்பியல் கொஞ்சம் புரிகிற மாதிரி இருந்தது, அது பிரமையாகவும் இருக்கலாம். அந்த நாட்களில் அவர் பேச்சு குறைந்துபோனது. தினமும் கூப்பிடுவார், மகளிடம் பேசுவார், என்னிடம் விசித்திரமான கேள்வியாகக் கேட்பார். "வீட்டுப் பத்திரம் எங்கன இருக்கு?" என்பார். பீரோவில் என்பேன். "நல்லாப் பாத்தியா?" என்பார். இரண்டு நாள் கழித்து, "யாரும் வீட்டுக்கு வந்தாகளா?" என்பார். வேலைப்பளுவில் மனுஷனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து கூப்பிட்டவர், சலாம் சொன்ன கையோடு கேட்டார்: "பத்து விரலும் ஒத்தி யாருக்குடி கைநாட்டு வச்சுக் கொடுத்தே?"

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. மகள் பூனையோடு இருக்கிற போட்டோவுக்கும், மகள் மாம்பழம் தின்கிற போட்டோவுக்கும் நடுவில், என் பத்து விரல் ரேகையும் அவர் போனுக்குப் போயிருக்கிறது. போட்டோவைப் பார்ப்பாரே தவிர, மெயிலைத் திறந்து படிக்கிற பழக்கம் அப்போது அவருக்கு இல்லை. கூடவே வேட்டிக்கு முன்னால் குற்றவாளி மாதிரி நிற்கிற பதினோரு போட்டோ. யாரோ என்னை மிரட்டி வீட்டை எழுதி வாங்கிவிட்டார்கள் என்று மனுஷன் மூன்று வாரமாகத் தூங்கவில்லை. கேட்டால் நான் அழுவேனோ என்று கேட்கவும் இல்லை.

சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் சிரித்தேன். சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்: பரீட்சை, தேதி, வயது வரம்பு, உம்மா, எல்லாம். சொல்லி முடித்துப் பார்த்தால் அந்தப் பக்கம் சிரிப்பில்லை.

"உம்மாட்ட சொன்னே. என்ட்ட சொல்லணும்னு தோணலையா?"

"சொன்னா லீவுக்கு வந்து பேசிக்கலாம்னு சொல்லியிருப்பீங்க மச்சான்."

அவர் மறுக்கவில்லை. போனை வைத்துவிட்டார். அதன்பிறகு ஒரு மாதத்துக்கும் மேல் மகளிடம் மட்டும்தான் பேச்சு. நானும் வீம்பாக இருந்தேன், படித்தேன், நடுநடுவே அழுதேன். விசாவுக்கு எங்கள் பாஸ்போர்ட் நகலை அனுப்பச் சொல்லியிருந்தார், அதை மறுபடி அவர் கேட்கவே இல்லை. கோபத்தில் கேட்கவில்லை என்று நினைத்தேன். இனி கேட்கவே மாட்டாரோ என்றும் நினைத்தேன். அந்தப் பயத்தில் இரண்டு நாள் புத்தகத்தைத் திறக்கவில்லை.

பரீட்சைக்கு மூன்று நாள் முன்பு வாட்ஸ்அப்பில் அவர் குரல் வந்தது. சலாம்கூட இல்லை. "தண்ணி பாட்டில்ல ஒட்டியிருக்கிற காகிதத்தைக் கிழிச்சிரு. பெரிய பட்டன் வச்சதைப் போடாத. ஒன்றரை மணிக்கு கேட்டை மூடிருவாக, அதுக்கு ரெண்டு மணி நேரம் முந்தியே போயிரு." ஹால் டிக்கெட் அவர் மெயிலுக்கும்தானே போகும். நாலு பக்கத்தையும் வரி விடாமல் படித்திருக்கிறார். அந்தக் குரலை எத்தனை தரம் கேட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

நகை எதுவும் போடக் கூடாது என்று அந்தத் தாளில் இருந்தது. வாசலில் நின்று தர்க்கம் பண்ண எனக்குத் தெம்பில்லை, அதனால் நிக்காஹ்வில் கட்டிய கருகமணியை வீட்டிலேயே கழற்றி உம்மாவிடம் நீட்டினேன். உம்மா வாங்கவில்லை. "மாட்டிவிட்டுத்தான் எனக்குப் பழக்கம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானே பீரோவில் வைத்தேன், பத்திரத்துக்குப் பக்கத்தில்.

ராமநாதபுரத்தில் ஒரு பள்ளிக்கூடம்தான் மையம். மே வெயில். வாசலில் பதினேழு வயதுப் பிள்ளைகள், கூடவே முகம் வெளுத்த பெற்றோர்கள். கடலாடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா எனக்கு வேப்பமர நிழலில் இடம் விட்டு, "உங்க புள்ள உள்ள போயிருச்சாம்மா?" என்று கேட்டார். "புள்ள இங்கதான் நிக்குது" என்று என்னையே காட்டினேன். அவர் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லா எழுதுங்க" என்றார். அங்கேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உள்ளே உயிரியல் எனக்கு விருந்து. அதுதான் வினையாகவும் போனது. சிறுநீரகத்தைப் பற்றி ஒரு கேள்வி. விடை தெரிந்துவிட்டது, வட்டத்தையும் நிரப்பிவிட்டேன். அடுத்த கேள்விக்குப் போக வேண்டியதுதானே? அப்படியென்றால் உப்புத் தண்ணீரிலேயே கிடக்கிற கடல் மீன் ஏன் வற்றிப்போகவில்லை என்று யோசிக்க ஆரம்பித்தேன். யோசித்து, ஓரத்தில் படம் போட்டு, அது குடிக்கிற தண்ணீரின் உப்பு எந்த வழியாக வெளியே போகும் என்று ஒரு வழி கண்டுபிடித்து நிமிர்ந்தபோது நிறைய நேரம் போயிருந்தது. இயற்பியலில் கடைசிப் பக்கங்களைத் திருப்பிப் பார்க்கக்கூட முடியவில்லை. என் வாழ்க்கையிலேயே மிக நன்றாக யோசித்த நேரம் அது, அதற்கு மார்க் கிடையாது.

ஜூனில் முடிவு வந்தது, முதலில் அவர் போனுக்கு. கூப்பிட்டு மார்க்கை வாசித்தார். "இது நல்ல மார்க்கா?" என்று கேட்டார். தகுதி உண்டு, இடம் கிடைக்காது என்றேன். பணம் கட்டிப் படிக்கிற இடங்களை நாங்கள் பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை. "எவ்வளவு கொறையுது?" என்றார். சொன்னேன். "நாலரை மாசத்துல இவ்வளவு எடுத்திருக்கியே" என்றார். வருத்தமாகச் சொன்னாரா, பெருமையாகச் சொன்னாரா என்று அந்தக் குரலில் தேடிப் பார்த்தேன், பிடிபடவில்லை.

ஜூலையில் வந்தார். பத்து நாள் விருந்து ஓய்ந்த பிறகு மகளையும் உம்மாவையும் கூட்டிக்கொண்டு தனுஷ்கோடி போனோம், லீவுக்கு வந்தவர்கள் எல்லோரும் போகிற மாதிரி. மகள் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அலையை விரட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் மணலில் உட்கார்ந்தோம். அவர் வந்ததிலிருந்து விசா பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. இதற்கு மேல் என்னால் முடியாது என்று கேட்டேன். "விசா என்னாச்சு மச்சான்? கெடைக்கலையா?"

"கெடைச்சிச்சு" என்றார். ஏப்ரலுக்குள் எங்கள் பாஸ்போர்ட் நகலைக் கொடுக்க வேண்டியிருந்ததாம். "வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டேன். இந்த வருசம் ஒரு ஆளுக்குத்தான் கம்பெனி குடுத்துச்சு, அது வேற ஒருத்தனுக்குப் போயிருச்சு." ஏப்ரல் என்றால் நாங்கள் பேசாமல் இருந்த நாட்கள். போனை எடுத்து ஒரு போட்டோவைக் காட்டினார், வீட்டுத் தரகர் அனுப்பியது. ஒரு காலி அறை, ஒரு ஜன்னல், சின்ன அடுப்படி. அடுத்த போட்டோவில் கீழே நிற்கிற பள்ளிக்கூட வேன். பிள்ளைக்கு அது வாசலிலேயே வருமாம். அட்வான்ஸ் கேட்டு வந்த செய்திக்கு அவர் பதிலே போடவில்லை.

அந்த அடுப்படியை என்னால் பார்த்துக்கொண்டே இருக்க முடியவில்லை.

"அடுத்த மே மாசம் திரும்ப எழுதுறேன்" என்றேன். இதைக் கேட்கவில்லை, சொன்னேன்.

"எழுது. ஆனா அதோட ஒரு முடிவுக்கு வா. எனக்கும் தனியா ஆக்கித் தின்னு சலிச்சுப் போச்சு." அவர் மணலை அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார். கோபம் முழுதாகப் போகவில்லை என்று தெரிந்தது, அது போகவும் வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது.

"விசா வந்துருச்சுன்னு என்ட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நான் மறைச்சேன்னு அவ்வளவு கோவப்பட்டீங்களே."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சொல்லியிருந்தா நீ பரீட்சையை விட்டுட்டு வந்திருப்பே. அதான் சொல்லல."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வந்திருப்பேன்.